குறிக்கோள்: கண்டெடுப்பதா, விளைவிப்பதா?

"வாழ்க்கையில் ஒரு குறிக்கோள் வேண்டும்" என்று சொல்லாத மேடை இல்லை. சொல்லாத சிறப்பு விருந்தினரும் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் தொடங்கிக் கல்லூரிப் பட்டமளிப்பு விழா வரை நம் மாணவர்கள் இவ்வறிவுரையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கிறார்கள். ஆனால், அந்தக் குறிக்கோளை அறிந்துகொள்வது எங்ஙனம் என்று எடுத்துரைப்போர் மிகச் சிலரே. பசித்து வந்தவனிடம் சோற்றின் பெருமையைப் பேசிவிட்டு, அடுப்பங்கரைக்கு வழி காட்டாமல் அனுப்புவது போன்றதே இது.

இக்கரிசல் பூமியில் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருபவன் நான். ஒவ்வோர் ஆண்டும் மூன்றாமாண்டுத் தேர்வு நெருங்கும்போது சில மாணவர்கள் தயங்கித் தயங்கி வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "சார், எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை. நான் என்ன ஆவது?" கேட்பவர்களில் பலர் தம் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். தந்தை மானாவாரிப் புஞ்சையை நம்பியிருக்கும் சம்சாரி. தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். மாணவர் வரலாறு படிப்பது வரலாற்றின் மீதுள்ள காதலால் அன்று. அந்தத் துறையில் இடம் கிடைத்தது என்பதால்தான். அவரைப் பார்த்து, "உனக்குப் பிடித்ததைச் செய், தம்பி" என்று சொல்லி அனுப்புவது எளிது. அச்சொல் அவருக்கு எந்த விதத்திலும் உதவாது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமையால் நேரும் இழப்பு சிறிதன்று. குறிக்கோள் என்பது எங்கோ புதைந்து கிடக்கும் புதையல் என்று எண்ணி, அது கண்ணில் படும்வரை எந்த வேலையிலும் மனம் ஊன்றாமல் காத்திருந்தே இளமையைக் கழிப்பவர் ஒரு சாரார். 'குறிக்கோள் எல்லாம் வசதி படைத்தவர்களுக்கு. நமக்கு வயிற்றுப்பாடு போதும்' என்று இருபது வயதிலேயே கதவைச் சாத்திக்கொள்பவர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் பொதுவான ஒரு விடை உண்டு என்பதை நம் வட்டாரத்து மனிதர் சிலரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு சொற்கள்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்து கொள்வோம். ஒரு வேலையின்பால் மனம் தானாகச் செல்வது நாட்டம். அந்த வேலை யாருக்காக, எதற்காக என்று தெரிந்து அதில் நிலைத்து நிற்பது குறிக்கோள். நாட்டம் நம்மைப் பற்றியது. குறிக்கோள் நமக்கு வெளியேயும் நீள்வது. பாட்டுக் கேட்பதில் ஒருவருக்கு நாட்டம் இருக்கலாம். அதுவே குறிக்கோள் ஆகிவிடாது. தம் ஊரில் மறைந்துவரும் பாட்டுகளைத் திரட்டிக் காப்பது என்று அவர் முனைந்தால், அப்போது நாட்டம் குறிக்கோளாகக் கனிகிறது.

நாட்டமாவது பிறவியிலேயே அமைந்து கிடப்பதா என்றால், அதுவும் இல்லை. 2018ஆம் ஆண்டில் பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் என்னும் மூன்று உளவியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'மனிதனின் ஆர்வம் மாறாதது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்' என்று நம்பும் மாணவர்களையும், 'ஆர்வம் என்பது வளர்த்துக்கொள்ளக் கூடியது' என்று நம்பும் மாணவர்களையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விண்வெளியின் கருந்துளைகளைப் பற்றிய சுவையான படம் ஒன்றை இரு சாராருக்கும் காட்டினார்கள். எல்லாரும் ரசித்தார்கள். பிறகு அதே பொருள் பற்றிக் கடினமான கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் மாறாதது என்று நம்பியவர்களின் ஊக்கம் மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்தது. 'இது கடினமாக இருக்கிறது. ஆகவே இது என் துறை அன்று' என்று முடிவு கட்டிவிடும் மனநிலை அது. புதையலைத் தேடுகிறவன் முதல் பாறை தட்டுப்பட்டதும் கடப்பாரையைப் போட்டுவிடுகிறான். உழுகிறவனோ பாறையைப் புரட்டி வரப்பில் போட்டுவிட்டு மேலே உழுகிறான்.

மூடிய கதவும் திறந்த கதவும்

இவ்வட்டாரத்தில் குறிக்கோள் என்றதும் எட்டயபுரத்துப் பாரதியைச் சொல்வது வழக்கம். ஆனால் பாரதியைச் சொன்னவுடன் மாணவர்கள், "அவர் மகாகவி, சார், நாங்கள் சாதாரணமானவர்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆகவே, இன்னும் சற்று அருகில் உள்ளவர்களைப் பார்ப்போம்.

எட்டயபுரத்திற்கு அண்மையில் உள்ள கரிசல் கிராமம் அயன் வடமலாபுரம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918இல் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உறவுப் பெண்கள் சிலர் பிள்ளைப்பேற்றின்போது உயிரிழந்ததைக் கண்ட அவர், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றார். இராணுவ மருத்துவப் பணிக்கும் சென்றார். இதுவரை எல்லாம் நினைத்தபடியே நடந்தது.

பிறகு முடக்குவாதம் வந்தது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் கோணின. இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு நெடுநாள் படுக்கையில் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியபோது, மகப்பேறு மருத்துவம் அந்தக் கைகளுக்கு இயலாது என்பது தெளிவாகிவிட்டது. இளமையிலிருந்து கட்டி வளர்த்த ஆசை அத்துடன் முடிந்தது.

அவர் கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். அது அவருடைய முதல் ஆசை அன்று. எஞ்சி நின்ற வழி. கோணிய விரல்களால் கருவிகளைப் பிடிக்கவும், கண்ணின் நுண்ணிய பகுதியில் கத்தியை நடத்தவும் சிறிது சிறிதாகப் பழகினார். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராக விளங்கினார். கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். கண்புரையால் பார்வை இழந்து, 'வயதானால் இப்படித்தான்' என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்ட ஆயிரக்கணக்கான உழவர்களையும் தாய்மார்களையும் அங்கேதான் அவர் நேரில் கண்டார். அறுவை செய்தால் மீளக்கூடிய குருடு அது என்பதும், அந்த அறுவை அவர்களைச் சென்று சேரவில்லை என்பதும் அவர் மனத்தைத் தைத்தன.

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பலரும் சாய்வு நாற்காலியை நாடும் வயதில், உடன்பிறந்தோரையும் அவர்தம் வாழ்க்கைத் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்த இயன்றவர்களிடம் பெறும் வருவாயைக் கொண்டே இயலாதவர்களுக்கு இலவசமாகவும் மிகக் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை அளிப்பது என்ற முறையை நிலைநாட்டினார். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1992இல் 'அரோலேப்' என்னும் தொழிற்கூடம் தொடங்கப்பட்டு அது குறைந்த விலையில் உருவாக்கப்பட்டது. 2006இல் அவர் மறைந்தார். தம் வாழ்நாளில் அந்தக் கோணிய விரல்களாலேயே அவர் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை.

கண் மருத்துவத்தின்மீது அவருக்கு முதலிலேயே காதல் இருந்ததா? இல்லை. கையிலிருந்த வேலையில் ஊன்றி நின்றபோது நாட்டம் பிறந்தது. மக்களின் துன்பம் அந்த நாட்டத்துக்குத் திசை காட்டியது. இரண்டும் சேர்ந்து குறிக்கோள் ஆயின. முதல் ஆசை கைகூடவில்லை என்பதாலேயே வாழ்க்கை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒரே ஊர், இரு பாதைகள்

'குறிக்கோளை அடைய ஊரை விட்டுப் போக வேண்டுமா, ஊரிலேயே இருந்தால் ஆகாதா?' என்பது நம் மாணவர்களின் அடுத்த ஐயம். இதற்கு விடை கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் இருக்கிறது.

கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இருவரும் அவ்வூரில் பிறந்து, ஒன்றாக விளையாடி வளர்ந்த நண்பர்கள். ஏறத்தாழ ஒரே வயதினர். அழகிரிசாமி கையில் கிடைத்த அரசு அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகைப் பணிக்குச் சென்றார். பின்னர் மலேயா சென்று 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றினார். சிறுகதை, கட்டுரை, பழைய நூல் பதிப்பு எனப் பல துறைகளில் உழைத்து, 1970இல் நாற்பத்தேழு வயதுகூட நிரம்பாத நிலையில் காலமானார். அவ்வாண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு அவருடைய 'அன்பளிப்பு' நூலுக்கு, அவர் மறைவிற்குப் பின் வழங்கப்பட்டது.

கி.ரா. ஊரிலேயே இருந்தார். பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. இளமையில் காசநோய் அவரை வாட்டியது. அன்று அவருடைய மனம் இசையில்தான் இருந்தது. விளாத்திகுளம் சுவாமிகளிடம் இசை பயின்றார். இசைக்கலைஞர் ஆகவில்லை. சம்சாரியாக உழுதார், விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அச்சில் கதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு முப்பத்தைந்து வயதளவு ஆகிவிட்டிருந்தது. ஐந்தாண்டுத் திட்டம்போல் வாழ்க்கையை வகுத்துக்கொள்பவர் எவரும், 'இவர் வாழ்வில் எதையும் கண்டடையவில்லை' என்றே அதுவரை எண்ணியிருப்பர்.

ஆனால் அந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் வீண் போகவில்லை. ஊர்ப் பேச்சை அவர் காது கொடுத்துக் கேட்டிருந்தார். கிழவர்கள் சொல்லும் கதைகள், களத்துமேட்டு வசைகள், மண்ணுக்கும் மாட்டுக்கும் மழைக்கும் சம்சாரிகள் வைத்திருக்கும் நூறு நூறு சொற்கள் ஆகிய எல்லாம் அவரிடம் சேர்ந்திருந்தன. தீர்வை பாக்கிக்காக ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவதைச் சொல்லும் 'கதவு' என்னும் சிறுகதை, வெளியூர்க்காரர் கற்பனையில் எழுதக்கூடியதா? 1976இல் 'கோபல்ல கிராமம்' வெளிவந்தது. பின்னர்க் கரிசல் வட்டாரத்துச் சொற்களைத் திரட்டித் தனி அகராதியே தொகுத்தார். பல்கலைக்கழகமும் அறிஞர் குழுவும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துப் பெருமை பெற்றது. 2021இல் அவர் மறைந்தபோது தமிழக அரசு அரசு மரியாதையுடன் விடை கொடுத்தது.

ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். இருவரும் தத்தம் வேலையைக் கண்டடைந்தார்கள். ஆகவே ஊரில் இருப்பதா, வெளியூர் செல்வதா என்பதன்று கேள்வி. இருக்கும் இடத்தில் எதைக் கூர்ந்து கவனிக்கிறோம் என்பதே கேள்வி.

சோற்றுக்கு ஒரு வேலை

"இவையெல்லாம் சரி, சார், வீட்டில் கடன் இருக்கிறது. நான் முதலில் சம்பாதிக்க வேண்டும்" என்று கூறும் மாணவரை நான் மதிக்கிறேன். அவருக்கும் இங்கே முன்னோடிகள் உண்டு.

கோவில்பட்டிக்கு அருகில் உள்ள ஆண்டிபட்டியில் 1947இல் பிறந்த பூமணி, அரசின் கூட்டுறவுத் துறையில் அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே 'பிறகு', 'வெக்கை' முதலிய நாவல்களை எழுதினார். தீப்பெட்டித் தொழிலுக்குப் போகும் பிள்ளைகளின் வாழ்வைக் 'கருவேலம் பூக்கள்' என்ற திரைப்படமாக எடுத்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரியும் அவருடைய 'அஞ்ஞாடி' 2014இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. உருளைக்குடியைச் சேர்ந்த சோ. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளியாகப் பல ஆண்டுகள் உழைத்தவர். ஊர்க் கண்மாய் எவ்வாறு பேணப்பட்டது, எவ்வாறு கைவிடப்பட்டது என்பதைச் சொல்லும் அவருடைய 'சூல்' நாவல் 2019இல் அதே பரிசைப் பெற்றது.

இவர்களுக்குக் கூலியும் சம்பளமும் பகையாகவில்லை. சோற்றுக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்கு அப்பால் ஒரு நோக்கம் இருந்தது. வேலைக்கு நடுவே கண்ட மனிதர்களே அந்த நோக்கத்துக்கு உரமும் ஆனார்கள். குடும்பத்தைக் காப்பதே ஒருவருக்குச் சில ஆண்டுகளின் குறிக்கோளாக அமையுமானால், அதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்த ஆண்டுகளில் கண்ணையும் காதையும் மூடிக்கொள்ளாதிருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எழுத்தாளர்களையும் மருத்துவரையும் எடுத்துக் காட்டியதால், குறிக்கோள் என்பது பரிசும் புகழும் பெறுவது என்று எவரும் கொள்ளலாகாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் ஒருவரால் வந்ததன்று. அடுப்படியில் நின்று வெல்லப் பாகின் பதம் ஒரு நாளும் தவறாமல் பார்த்துக்கொண்ட, பெயர் தெரியாத பலரால் வந்தது. ஓராசிரியர் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணி பார்க்கும் செவிலியரும் அவ்வகையினரே.

புழுதி விதைப்பு

இவர்கள் வாழ்க்கையிலெல்லாம் பொதுவாக அமைந்த இயல்பு ஒன்று உண்டு. அதை விளக்க நம் சம்சாரிகளின் வழக்கத்தைவிடச் சிறந்த உவமை எனக்குத் தெரியவில்லை.

நம் மானாவாரிக் கரிசலில் வடகிழக்குப் பருவமழை வருமுன்னே, புரட்டாசி மாதத்தில், காய்ந்த புழுதியிலேயே விதைப்பது உண்டு. விதையைச் சற்று ஆழமாக இடுவார்கள். மேலாகப் பெய்யும் சிறு தூறலுக்கு அது முளைத்துக் கருகிவிடாது. மண் நன்றாக நனையும் மழை வந்த பிறகே முளைக்கும். மழை வந்த பின் விதைக்கலாம் என்று காத்திருந்தால், கரிசல் சேறாகி ஏர் இறங்காது, பருவமும் கடந்துவிடும். மழை நின்ற பின்னும், மண் தன்னுள் வாங்கி வைத்த ஈரத்தைக் கொண்டே பயிர் விளைந்து முடியும்.

கி.ரா. முப்பத்தைந்து ஆண்டுகள் காதில் வாங்கியது புழுதி விதைப்பு. வெங்கடசாமி கோணிய விரல்களைப் பழக்கியதும் புழுதி விதைப்பே. எது முளைக்கும் என்று தெரிந்த பிறகு அவர்கள் விதைக்கவில்லை, விதைத்ததால் முளைத்தது.

நாஜிகளின் வதை முகாம்களில் பெற்றோரையும் மனைவியையும் இழந்து, தாம் மட்டும் உயிர் மீண்ட வியன்னா நகர மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், 1946இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ இதே முடிவுக்கு வருகிறார். வாழ்க்கையின் பொருள் என்ன என்று நாம் வாழ்க்கையைக் கேட்பதைவிட, வாழ்க்கை ஒவ்வொரு நாளும் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது என்றும், நம் செயலே அதற்கு விடை என்றும் உணர்வதே முறை என்பது அவர் கருத்து. வியன்னாவில் பிறந்த எண்ணமும் வடமலாபுரத்தில் பிறந்த வாழ்க்கையும் ஒன்றையொன்று தழுவி நிற்பது வியப்பன்றோ?

என்ன செய்யலாம்?

மாணவ நண்பர்களே, இனி நீங்கள் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, எவரும் ஏவாமலே நீங்கள் எதைச் செய்கிறீர்கள் என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். பழுதான மிதிவண்டியைக் கழற்றிப் பூட்டுவதா, தம்பி தங்கைக்குக் கணக்குச் சொல்லித் தருவதா, ஊர்ப் பெரியவர்களிடம் பழங்கதை கேட்பதா? மனத்தைத் துருவிக் கேட்பதைவிடக் கையும் காலும் எங்கே போகின்றன என்று பார்ப்பதே நம்பத்தக்கது.

இரண்டாவது, உங்கள் ஊரில் உங்களை உறுத்தும் குறை எது என்று பாருங்கள். தூர்ந்துபோன கண்மாயா, எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் பெண்பிள்ளைகளா, விளைந்தும் விலை கிடைக்காத மிளகாயா? எல்லாக் குறையும் எல்லாரையும் ஒரே அளவில் உறுத்துவதில்லை. உங்களைத் தூங்கவிடாத குறைக்கும் உங்கள் கைக்கு வரும் வேலைக்கும் உறவு உண்டா என்று சிந்தியுங்கள். அவை சந்திக்கும் இடத்தில்தான் குறிக்கோள் முளைக்கும்.

மூன்றாவது, அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் அருகில் சென்று நில்லுங்கள். விடுமுறையில் பத்து நாட்கள் ஒரு பண்ணையிலோ, பட்டறையிலோ, பத்திரிகை அலுவலகத்திலோ, மருத்துவமனையிலோ எடுபிடியாக இருந்தாலும், பத்துச் சொற்பொழிவுகள் சொல்லாததை அது சொல்லிவிடும். நூற்றாண்டைக் கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று கோவில்பட்டியிலேயே இருக்கிறது. மானாவாரிச் சாகுபடியைப் பற்றி அறிய விரும்புவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நான்காவது, தேர்ந்தெடுத்ததற்கு நாள்தோறும் ஒரு மணி நேரமாவது, ஓராண்டுக் காலமாவது கொடுங்கள். கடினம் என்பதற்காக விடாதீர்கள். ஓராண்டு உழைத்த பின்னும் மனம் ஒட்டவில்லையென்றால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள், கி.ரா. இசையிலிருந்து எழுத்துக்கு வரவில்லையா? முன்னர்க் கற்றது மண்ணில் ஈரமாய் நிற்கும். பின்னர் விளையும் பயிருக்கு உதவும்.

இருபது வயதில் ஒருவருக்குத் தம் குறிக்கோள் தெரியவில்லை என்றால் அது குற்றமும் அன்று, குறையும் அன்று. புரட்டாசி மாதத்துப் புஞ்சையில் பச்சையைத் தேடுபவர் எவரும் இல்லை. அம்மாதத்தில் கேட்கத் தக்க கேள்வி ஒன்றே: விதைத்தாயிற்றா?